வலிப்பை வழிமறிக்கும் மின்சாரம்

மாத்திரைக்கு அடங்காத வலிப்புக்கு மூளையில் பொருத்தும் கருவிகள்: எதுவரை நம்பலாம்?

2023 அக்டோபரில் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில், 12 வயதுச் சிறுவன் ஒருவனின் மண்டை ஓட்டில் கொஞ்சம் செதுக்கியெடுத்து, அந்த இடத்தில் மூன்றரை சென்டிமீட்டர் சதுரமுள்ள கருவி ஒன்றைப் பதித்தார்கள். அதிலிருந்து கிளம்பும் இரண்டு மெல்லிய கம்பிகள் மூளையின் ஆழத்தில் இருக்கும் தலாமஸ் வரை போகின்றன. அறுவை சிகிச்சை முடியச் சுமார் எட்டு மணி நேரம் ஆனது. பையனுக்கு லெனாக்ஸ் காஸ்டோ சின்ட்ரோம் என்ற கடுமையான வலிப்பு நோய். மூன்று வயதில் தொடங்கியது, பிறகு நிற்கவே இல்லை. தினமும் பல முறை வலிப்பு. விழுந்து அடிபடுவதும் நினைவிழப்பதும் அந்த வீட்டில் அன்றாடம்.

காயம் ஆறியதும் கருவியை இயக்கினார்கள். தலையில் ஹெட்போன் மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு டி.வி. பார்த்தபடியே பையன் அதற்கு சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். 2024 ஜூனில் மருத்துவமனை இதை வெளியே சொன்னபோது, பகலில் வரும் வலிப்பு 80 சதவீதம் குறைந்துவிட்டதாகக் குடும்பத்தினர் சொன்னார்கள். உலகமெங்கும் தலைப்புச் செய்தி ஆனது.

செய்தியை நிதானமாகப் படித்தால் இரண்டு விஷயங்கள் தட்டுப்படும். ஒன்று, பையனுக்கு வலிப்பு நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. இன்னொன்று, இது ஒரே ஒரு குழந்தையின் அனுபவம். அறுவை சிகிச்சைக்குத் தலைமை தாங்கிய மார்ட்டின் டிஸ்டாலின் குழு இதை ஒரு மருத்துவ ஆய்வின் முதல் கட்டமாகத்தான் செய்தது. மற்றக் குழந்தைகளுக்கும் செய்து பார்த்த பிறகுதான் தீர்ப்பு. ‘அதிசயம்’ என்று தலைப்புப் போட்டவர்கள் இந்த இரண்டையும் கடைசிப் பத்தியில் வைத்தார்கள். நாம் முதலிலேயே வைத்துவிடுவோம். ஏனென்றால் மூளையில் பொருத்தும் மின்கருவிகளின் கதை முழுக்க இந்த இரண்டு உண்மைகளுக்குள்தான் ஓடுகிறது.

இரண்டு மருந்து தோற்றால்

உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களில் 80 சதவீதத்தினர் நம்மைப் போன்ற நடுத்தர, ஏழை நாடுகளில் இருக்கிறார்கள். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். ஒழுங்காகக் கண்டுபிடித்து ஒழுங்காக மருந்து கொடுத்தால் பத்தில் ஏழு பேர் வலிப்பே இல்லாமல் வாழலாம். மிச்சமுள்ள மூன்று பேரைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

2000-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பேட்ரிக் குவான், மார்ட்டின் பிராடி என்ற இரண்டு மருத்துவர்கள் 525 நோயாளிகளின் சிகிச்சையைத் தொடர்ந்து கவனித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதல் மருந்திலேயே வலிப்பு நின்றவர்கள் ஏறக்குறையப் பாதிப் பேர். அது பலிக்காமல் வேறு மருந்துக்கு மாறி நின்றவர்கள் அதைவிட மிகக் குறைவு. அதுவும் தோற்றுப்போனவர்களுக்கு மூன்றாவது, நான்காவது என்று மாற்றிக்கொண்டே போனால் கிடைத்த பலன் விரல் விட்டு எண்ணும் அளவுதான். இதை அடிப்படையாக வைத்து 2010-ல் வலிப்பு நோய்க்கான சர்வதேசக் கூட்டமைப்பு ஒரு வரையறை வகுத்தது: நோய்க்குப் பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், சரியாகச் சாப்பிட்டும் வலிப்பு நிற்காவிட்டால், அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு.

இந்த வரையறை நம் ஊர் நோயாளிகள் பலரின் காதுக்கு எட்டவேயில்லை. ஃபெனிடோயின், கார்பமசெபைன், வால்புரோயேட், லெவிடிரசெட்டம் என்று சீட்டில் ஒரு பெயர் அடித்து இன்னொரு பெயர் எழுதி, பத்து வருடம், பதினைந்து வருடம் ஓட்டுகிறவர்கள் ஏராளம். இதற்கிடையே வீட்டுக்குள் சட்டங்கள் பிறக்கின்றன. குளியலறையில் தாழ்ப்பாள் போடாதே. அடுப்பங்கரையில் தனியாக நிற்காதே. கிணற்றடிக்குப் போகாதே. பஸ்ஸில் படிக்கட்டுப் பக்கம் உட்காராதே. எல்லாமே அக்கறையில் பிறந்தவைதான். ஆனால் ஒரு பெண் இருபது வயதில் தன் வீட்டுக்குள்ளேயே தனியாக நடமாட முடியாமல் போவதும் அந்த அக்கறையின் விளைவுதான். திருமண ரத்துக்கு வலிப்பு நோய் ஒரு காரணம் என்று நம் சட்டப் புத்தகத்தில் இருந்தது. 1999-ல்தான் திருத்தம் கொண்டுவந்து அதை நீக்கினார்கள். புத்தகத்தில் நீக்கிவிட்டார்கள், பெண் பார்க்க வருகிறவர்களின் மனதிலிருந்து நீக்க முடிந்ததா என்பது வேறு விஷயம்.

உயிர் ஆபத்தும் உண்டு. வலிப்பு நோய் உள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர், பெரும்பாலும் தூக்கத்தில், வேறு காரணம் எதுவும் சொல்ல முடியாமல் திடீரென்று இறந்துபோகிறார். வலிப்பு கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு, அதிலும் உடல் முழுக்க வெட்டி இழுக்கும் வலிப்பு உள்ளவர்களுக்கு, இந்த ஆபத்து இன்னும் அதிகம். ‘வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், பழகிவிட்டது’ என்று விடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

மின்சாரத்தால் வருவதை மின்சாரத்தாலேயே

திங்கட்கிழமைச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் ஆளுக்கொரு பக்கம் பேரம் பேசுகிறார்கள். இரைச்சல்தான், ஆனால் வியாபாரம் நடக்கிறது. திடீரென்று ஒரு மூலையில் பத்துப் பேர் ஒரே தாளத்தில் கைதட்டத் தொடங்கி, அது பரவிச் சந்தை மொத்தமும் ஒரே தாளத்தில் தட்டினால்? சத்தம் பெரிது, வியாபாரம் பூஜ்யம். வலிப்பின்போது மூளையின் நரம்பணுக்களுக்கு நேர்வது ஏறக்குறைய இதுதான். தனித்தனியாக வேலை பார்க்க வேண்டியவை ஒன்றுசேர்ந்து ஒரே கதியில் துடிக்கின்றன.

இந்தத் துடிப்பைத் தாளில் கோடாக முதலில் பார்த்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர். 1924-ல் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார், 1929-ல்தான் துணிந்து வெளியிட்டார். நாம் இன்று இஇஜி என்று சொல்வது அவர் கொடுத்ததுதான். அதற்கும் அரை நூற்றாண்டு முன்பு, 1870-ல், பெர்லினில் ஃப்ரிட்ஷ், ஹிட்ஸிக் என்ற இருவர் நாயின் மூளை மேற்பரப்பில் மின்சாரம் பாய்ச்சினால் அதன் கால்கள் அசைவதைக் காட்டியிருந்தார்கள். கொஞ்சம் அதிகமாகப் பாய்ச்சினால் வலிப்பே வந்துவிடுவதும் அந்தக் காலத்து ஆய்வாளர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆக, மின்சாரம் கொடுத்து வலிப்பை வரவழைக்கலாம் என்பது பழைய சங்கதி. அதே மின்சாரத்தால் வலிப்பைக் கலைக்கவும் முடியும் என்பதுதான் பிறகு வந்தது. எங்கே, எப்போது, எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இன்று புழக்கத்தில் உள்ள மூன்று கருவிகளும் இந்த மூன்று கேள்விகளுக்கும் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன.

கழுத்தில் தொடங்கியது

முதலாவது மூளையைத் தொடுவதே இல்லை. மூளைத்தண்டிலிருந்து கிளம்பிக் கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பில் மின்முனையைச் சுற்றுகிறார்கள். நெஞ்சுத் தோலுக்கு அடியில் பேட்டரி. பேஸ்மேக்கர் வைத்தவர்களைப் பார்த்திருப்பீர்களே, ஏறக்குறைய அதே தோற்றம். பொதுவாக 30 விநாடி துடிப்பு, ஐந்து நிமிடம் ஓய்வு என்று இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். இதயத்தின் துடிப்பைத் தொடங்கி வைக்கும் முனையோடு வலப்பக்க நரம்புக்குத்தான் உறவு அதிகம் என்பதால் இடப்பக்க நரம்பையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

1880-களிலேயே நியூயார்க்கில் ஜேம்ஸ் கார்னிங் என்ற மருத்துவர் கழுத்துக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து வலிப்பை அடக்கப் பார்த்தார். மூளைக்கு ரத்தம் அதிகம் பாய்வதால்தான் வலிப்பு வருகிறது என்று அவர் நம்பினார். காரணம் தப்பு, பலனும் நிலைக்கவில்லை, கைவிட்டார்கள். நூறு வருடம் கழித்து அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஜேக்கப் ஸபாரா நாய்களில் சோதனை செய்து காட்டினார். 1988-ல் வட கரோலினாவில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். 1997-ல் அமெரிக்காவின் மருந்து, கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தியிருக்கிறார்கள். அமெரிக்காவில் நான்கு வயதுக் குழந்தைக்குக்கூடப் பொருத்தலாம்.

பலன்? முதல் ஆய்வுகளில் வலிப்பு சராசரியாகக் கால்வாசிதான் குறைந்தது. வருடங்கள் போகப் போக, ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வலிப்பு பாதியாகக் குறைகிறது. முழுசாக நிற்பவர்கள் மிகக் குறைவு. கருவி துடிக்கும் நேரத்தில் குரல் கரகரக்கும், இருமல் வரும். குரலை நம்பிப் பிழைக்கும் பாடகரோ ஆசிரியரோ இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கருவியோடு ஒரு காந்தமும் கொடுப்பார்கள். வலிப்பு வரப்போகிறது என்று தோன்றினால் நோயாளியோ பக்கத்தில் இருப்பவரோ அதை நெஞ்சின் மேல் ஒரு முறை தேய்த்தால், கூடுதலாக ஒரு துடிப்பு போகும். சிலருக்கு வலிப்பு அங்கேயே அடங்கும். நம் தெருக்களில் வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க ஓடி வருகிறவர்கள் இதைப் பார்த்தால், ‘நாங்கள் அப்போதே சொன்னோமே’ என்பார்கள். இல்லை ஐயா. காந்தம் உள்ளே இருக்கும் கருவியை முடுக்குகிறது. சாவி எதையும் முடுக்குவதில்லை. இரும்பைக் கொடுத்த இரண்டு நிமிடத்தில் வலிப்பு நிற்கிறது என்றால், பெரும்பாலான வலிப்பு இரண்டு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும் என்பதுதான் காரணம். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஆளை ஒருக்களித்துப் படுக்க வைப்பது, வாயில் எதையும் திணிக்காமல் இருப்பது, கடிகாரத்தைப் பார்ப்பது. ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி.

சென்னையில் 1975

இரண்டாவது கருவி, லண்டன் சிறுவனுக்கு வைத்ததுபோல, மூளையின் ஆழத்துக்கே போகிறது. இதன் வரலாற்றை எழுதுகிறவர்கள் பிரான்ஸின் கிரெனோபிள் நகரத்தில் 1987-ல் அலிம் லூயி பெனாபிட் கைநடுக்கத்துக்குச் செய்த சிகிச்சையிலிருந்துதான் தொடங்குவார்கள். மூளையின் ஆழத்தில் மின்தூண்டல் கொடுக்கும் இன்றைய டிபிஎஸ் முறை அங்கிருந்து பரவியது உண்மை. ஆனால் நமக்குச் சொல்லிக்கொள்ள வேறொரு தேதி இருக்கிறது.

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950-ல் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பியல் அறுவை சிகிச்சைக்குத் தனிப் பிரிவு தொடங்கினார். அந்தப் பட்டறையில் உருவானவர் டாக்டர் டி.எஸ். கனகா. 1932-ல் பிறந்து, 1968-ல் எம்.சிஎச். முடித்தவர். ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர்களில் ஒருவர். மூளைக்குள் மின்முனையை நீண்ட காலத்துக்குப் பொருத்தி வைக்கும் சிகிச்சையை இந்தியாவில் முதலில் செய்தவர் அவர்தான், அதுவும் 1975-லேயே. ஸ்கேன் படம் கைக்கு எட்டாத காலம் அது. கிரெனோபிளுக்குப் பன்னிரண்டு வருடம் முன்பு. 2018 ஏப்ரலில் வலிப்பு நோய்க்கான டிபிஎஸ் கருவிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே வருடம் நவம்பரில் கனகா காலமானார். சென்னையில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? ஒரு தெருவுக்காவது அவர் பெயரை வைக்கலாம் என்பது என் ஆசை.

வலிப்புக்கான டிபிஎஸ்ஸில் மின்முனைகள் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் தலாமஸின் முன்பகுதி. மூளையின் பல பாகங்களுக்கும் செய்திகள் கடந்துபோகும் சந்திப்பு அது. வலிப்பு எந்த மூலையில் கிளம்பினாலும் பரவும் வழியில் அதைத் தாண்ட வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் 110 நோயாளிகளை வைத்து நடந்த ‘சான்ட்டே’ ஆய்வின் முடிவு 2010-ல் வந்தது. எல்லோருக்கும் கருவியைப் பொருத்தினார்கள், பாதிப் பேருக்கு மட்டும் இயக்கினார்கள். யாருக்கு ஓடுகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. அந்தக் கட்டத்தின் கடைசி மாதத்தில், இயக்கியவர்களுக்கு வலிப்பு 40 சதவீதம் குறைந்தது. இயக்காதவர்களுக்கும் 14.5 சதவீதம் குறைந்தது!

இந்த இரண்டாவது எண்ணை மறந்துவிடக் கூடாது. கருவி சும்மா இருந்தபோதே ஏழில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. நம்பிக்கை, மூளையில் ஊசி போனதன் தாக்கம், நோயின் இயல்பான ஏற்ற இறக்கம் எல்லாம் கலந்தது அது. ‘எங்கள் கருவியால் இத்தனை சதவீதம் குறைந்தது’ என்று யார் விளம்பரம் செய்தாலும், சும்மா வைத்தவர்களுக்கு எவ்வளவு குறைந்தது என்று கேட்க வேண்டும்.

பிறகு எல்லோருக்கும் கருவியை இயக்கி வருடக்கணக்கில் கவனித்தார்கள். ஐந்தாவது வருடத்தில் வலிப்பு 69 சதவீதம் குறைந்திருந்தது. முதல் வருடத்தைவிட ஐந்தாம் வருடத்தில் பலன் கூடுவது மாத்திரைகளில் அதிகம் பார்க்காத நடப்பு. மின்சாரம் அந்த நேரத்து வலிப்பைத் தடுப்பதோடு நிற்கவில்லை, நரம்பணுக்களின் பழக்கத்தையே மெல்ல மாற்றுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மறுபக்கமும் உண்டு: இந்த ஆய்வில் கருவி இயங்கியவர்களில் சிலர் மனச்சோர்வையும் ஞாபகக் குறைவையும் சொன்னார்கள். ஏற்கெனவே மனச்சோர்வு உள்ளவர்களுக்கு இதைச் செய்யும் முன் மருத்துவர்கள் இரண்டு முறை யோசிப்பது அதனால்தான்.

அமாவாசைக்கு வருமா வலிப்பு?

முதல் இரண்டு கருவிகளும் அடிப்படையில் கடிகாரம் பார்த்து வேலை செய்பவை. வலிப்பு வந்தாலும் வராவிட்டாலும் துடிக்கும். (வேகஸ் கருவியின் புதிய வகைகள் இதயத் துடிப்பு திடீரென்று ஏறுவதைக் கவனித்துக் கூடுதலாக ஒரு துடிப்புக் கொடுக்கும்.) மூன்றாவது கருவி காத்திருந்து அடிக்கிறது. கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரத்தில் உள்ள நியூரோபேஸ் நிறுவனத்தின் ஆர்என்எஸ் அது. 2013 நவம்பரில் எஃப்டிஏ அனுமதித்தது. இன்னமும் அமெரிக்காவில்தான் புழக்கத்தில் இருக்கிறது.

வலிப்பு கிளம்பும் இடம் ஒன்றோ இரண்டோ என்று தெரிந்தவர்களுக்கே இது பயன்படும். கருவி மண்டை ஓட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும், மின்முனைகள் வலிப்பின் பிறப்பிடத்திலேயே இருக்கும். நொடிக்கு நொடி மூளையலையைக் கவனிக்கும். மருத்துவர் சொல்லிக்கொடுத்த ஆபத்தான வடிவம் தென்பட்டதும் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மின்துடிப்பு. நோயாளிக்கு எதுவும் தெரியாது. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை இப்படிச் செய்தாலும், கூட்டிப் பார்த்தால் மொத்தமே ஆறு நிமிடத்துக்குள்தான். 191 பேர் பங்கேற்ற முக்கிய ஆய்வில், முதல் கட்டத்தில் இயக்கியவர்களுக்கு 37.9 சதவீதமும் இயக்காதவர்களுக்கு 17.3 சதவீதமும் குறைந்தன. ஒன்பது வருடம் தொடர்ந்து பார்த்து 2020-ல் வெளியிட்ட கணக்கில் 75 சதவீதம். ஐந்தில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவானவர்கள், இடையில் ஒரு வருடமோ அதற்கு மேலோ வலிப்பே இல்லாமல் இருந்தார்கள்.

என்னைக் கேட்டால் இந்தக் கருவியின் பெரிய கொடை வேறு. இதற்கு முன் எந்த மருத்துவரும் ஒரு நோயாளியின் மூளையலையைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்து பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் படுக்க வைத்து இஇஜி எடுப்பதுதான் உச்சம். இப்போது வீட்டில், வேலையில், தூக்கத்தில் என்று வருடக்கணக்கான பதிவு கைக்கு வந்தது. அதை அலசியபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது.

2018-ல் மக்ஸிம் போ, விக்ரம் ராவ் முதலிய ஆய்வாளர்கள் 37 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். மூளையின் வலிப்பு நாட்டம் தினசரி ஏறி இறங்குவதோடு, பல நாட்களுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் நீண்ட சுழற்சியும் அதற்கு இருந்தது. பலருக்கு அது 20 முதல் 30 நாள். பெண்களுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம், ஆண்களுக்கும் அப்படியே. அந்த அலை ஏறுமுகத்தில் இருக்கும் நாட்களில்தான் வலிப்பு அதிகம் வருகிறது. 222 பேரை வைத்து 2021-ல் வந்த ஆய்வில் பத்தில் ஆறு பேரிடம் இந்தப் பல நாள் சுழற்சி தெரிந்தது. அதே வருடம் வந்த இன்னோர் ஆய்வு, சில நோயாளிகளுக்கு மூன்று நாள் முன்கூட்டியே ‘ஆபத்து கூடுகிறது’ என்று கணிக்க முடியும் என்று காட்டியது.

நம் பாட்டிகள் ‘அமாவாசை வந்தால் இவனுக்கு இழுக்கும்’ என்று சொன்னது நினைவுக்கு வருகிறதா? நிலவுக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாகப் பதிவுகள் சொல்லவில்லை. ஒவ்வொருவரின் சுழற்சியும் ஒவ்வொரு நாளில் தொடங்குகிறது, ஒருவருக்கு 18 நாள் என்றால் இன்னொருவருக்கு 27. ஆனால் மாதத்துக்கு ஒருமுறைபோல வந்து போகிறது என்று பாட்டி கவனித்ததைப் பொய் என்றும் தள்ள முடியாது. அவர் வானத்தில் தேடியது மண்டைக்குள் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முன்கூட்டித் தெரிவதன் மதிப்பு நோயாளிகளுக்குத்தான் புரியும். வலிப்பைவிட, எப்போது வரும் என்று தெரியாத பயம்தான் அவர்களை வீட்டுக்குள் முடக்குகிறது. வருகிற மூன்று நாள் ஆபத்து குறைவு என்று தெரிந்தால் பஸ் ஏறித் தங்கை வீட்டுக்குப் போய்வரலாம்.

நிறுவனம் மூடினால்?

இப்படி முன்கூட்டி அறியும் வசதியின் கசப்பான பக்கத்தை ஆஸ்திரேலியாவில் பார்த்தார்கள். மெல்போர்னில் நரம்பியல் மருத்துவர் மார்க் குக்கின் குழு, வலிப்பு வருமுன் எச்சரிக்கும் கருவி ஒன்றை 15 பேருக்குப் பொருத்திச் சோதித்தது. அது மின்துடிப்புக் கொடுக்காது. மூளையலையைப் படித்து, நோயாளி கையில் வைத்திருக்கும் பெட்டியில் விளக்கு எரியும். சிவப்பு என்றால் ஆபத்து அதிகம், நீலம் என்றால் குறைவு. 2013-ல் வெளியான முடிவுகள் உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தன. வலிப்பை முன்கூட்டியே கணிக்க முடியும் என்பதற்கு மனிதர்களிடம் கிடைத்த முதல் திடமான சான்று அது. நோயாளிகள் நாட்குறிப்பில் எழுதும் எண்ணிக்கைக்கும் உண்மையில் மூளையில் நடப்பதற்கும் எத்தனை தூரம் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அந்த 15 பேரில் ஒரு பெண்ணுக்குக் கருவி வாழ்க்கையையே மாற்றியது. விளக்கைப் பார்த்து மருந்து எடுத்துக்கொண்டு, வருடக்கணக்கான பயம் இல்லாமல் வெளியே போய் வந்தார். கருவி தன் உடம்பின் பகுதியாகவே ஆகிவிட்டதாக உணர்ந்தார். ஆனால் கருவியைச் செய்த அமெரிக்க நிறுவனமான நியூரோவிஸ்டாவிடம் பணம் தீர்ந்தது. பொருத்தியவற்றை எடுத்துவிடச் சொன்னார்கள். அந்தப் பெண்ணும் கணவரும் வீட்டை அடகு வைத்தாவது கருவியை விலைக்கு வாங்கிக்கொள்ள முன்வந்தார்கள். நடக்கவில்லை. கடைசிவரை மறுத்துப் பார்த்துவிட்டு அறுவை சிகிச்சைக்குத் தலையைக் கொடுத்தார். இது மனித உரிமை மீறல் ஆகுமா என்று மார்க் குக்கும் சக ஆய்வாளர்களும் பின்னர் ஆய்விதழிலேயே கேள்வி எழுப்பினார்கள்.

என் பார்வையில் இதற்கு இரண்டு பதில் கிடையாது. மனிதருக்குள் ஒரு கருவியை வைக்க அனுமதி கேட்கும் நிறுவனம், தான் மூடிவிட்டாலும் அந்தக் கருவி ஓடுவதற்கான பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். இது அனுமதியின் நிபந்தனையாக இல்லாதவரை, நோயாளி கையெழுத்துப் போடும் தாளில் பாதி உண்மைதான் இருக்கிறது. மாத்திரைக் கம்பெனி மூடினால் வேறு கம்பெனி மாத்திரை வாங்கலாம், மண்டைக்குள் இருக்கும் கருவிக்கு மாற்று எந்தக் கடையில் கிடைக்கும்?

நம் வரிசையில் முதலில் நிற்பது எது?

இந்தியாவில் வேகஸ் கருவியையும் டிபிஎஸ்ஸையும் பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில் பொருத்துகிறார்கள். செலவு பல லட்சம் ரூபாய். சார்ஜ் ஏற்ற முடியாத வகை என்றால் சில வருடத்துக்கு ஒருமுறை பேட்டரி தீரும், மறுபடி அறுவை, மறுபடி லட்சங்கள். நடுத்தரக் குடும்பம் நகையை வைத்து முதல் கருவியை வாங்கிவிடலாம். இரண்டாவது பேட்டரிக்கு எதை வைப்பது? இதைப் பொருத்தும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

ஆனால் கருவிக்கு முன்னால் கேட்க வேண்டியவை இருக்கின்றன. முதலில், மருந்து உண்மையிலேயே தோற்றதா? வேளை தவறிச் சாப்பிட்டது, வலிப்பு வகைக்குப் பொருந்தாத மருந்து, வலிப்பே அல்லாத மயக்கம் என்று போலித் தோல்விகள் பல. காலையில் எழுந்ததும் கை வெட்டி டம்ளரையும் டூத் பிரஷ்ஷையும் தவறவிடும் இளவயதினருக்கு வரும் ஒரு வகை வலிப்பை, கார்பமசெபைன் அதிகமாக்கிவிடும். அங்கே கருவி வேண்டாம், மாத்திரையை மாற்றினால் போதும்.

அடுத்தது, வலிப்பு கிளம்பும் இடத்தையே வெட்டியெடுக்கும் அறுவை சிகிச்சை. கருவிகளின் பளபளப்பில் இது மறைந்துபோவது எனக்கு வருத்தம். கனடாவில் 80 பேரை வைத்து நடந்து 2001-ல் வெளியான ஆய்வில், நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் டெம்பொரல் மடலில் அறுவை செய்ய அனுப்பியவர்களில் 58 சதவீதம் பேருக்கு, நினைவிழக்க வைக்கும் வலிப்பு ஒரு வருடம் முழுக்க வரவில்லை. மருந்தில் மட்டும் வைத்திருந்தவர்களில் 8 சதவீதம். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 116 குழந்தைகளிடம் நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வில் இது 77-க்கு 7. எந்த மின்கருவியும் இந்த எண்ணுக்குக் கிட்டவே வரவில்லை. கருவி வலிப்பைக் குறைக்கிறது, தகுதியுள்ளவர்களுக்கு அறுவை சிகிச்சை நிறுத்திவிடுகிறது. வலிப்பு பல இடங்களில் கிளம்பினாலோ, வெட்டினால் பேச்சும் நினைவும் போய்விடும் இடத்தில் இருந்தாலோதான் கருவியின் முறை வர வேண்டும்.

இந்த விஷயத்தில் நாம் பின்தங்கியவர்களும் அல்ல. மான்ட்ரியலில் வலிப்பு அறுவை சிகிச்சையின் முன்னோடி வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் நரம்பியல் பிரிவைத் தொடங்கி, 1952-ல் வலிப்புக்கான அறுவை சிகிச்சையை அங்கே செய்தார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் கே. ராதாகிருஷ்ணன் 1995-லிருந்து நடத்திக் காட்டிய வலிப்பு அறுவைத் திட்டம் நாட்டுக்கே முன்மாதிரி. மேல்நாட்டில் ஆகும் செலவில் சிறு பங்கிலேயே அங்கே அறுவை சிகிச்சை நடந்தது. குறை எங்கே என்றால், நோயாளி அங்கே போய்ச் சேர்வதற்குள் பல வருடங்கள் ஓடிவிடுகின்றன. மருந்தை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருக்கும் மருத்துவர் அனுப்புவதில்லை. அனுப்பினாலும் ‘மண்டையைத் திறப்பதா’ என்று குடும்பம் பயந்து நின்றுவிடுகிறது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இரண்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லை என்றால், மூன்றாவது சீட்டு எழுதும்போது மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: ‘வலிப்பு நோய்க்கென்றே தனிப் பிரிவு உள்ள மருத்துவமனையில் ஒருமுறை முழுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா?’ போகும்போது இதுவரை சாப்பிட்ட மருந்துகளின் பெயரும் அளவும், வலிப்பு வந்த தேதிகளை எழுதிய காலண்டரும், வலிப்பு வரும்போது செல்போனில் எடுத்த வீடியோவும் கையில் இருக்கட்டும்.